எழுதிய கைக்கு என்ன விலை?

சார்மினார், கோல்கொண்டா, பிரியாணி: ஹைதராபாத் போகிறவர்கள் பார்ப்பது இவ்வளவுதான். இதே நகரத்தில் எழுத்தாளர்களைத் தேடி வன்முறை வந்த இடங்களும் இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் முக்கால் நூற்றாண்டு வரலாறு கிடைக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் காச்சிகுடா எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை ஹைதராபாத் வந்து சேரும்போது, ரயில் நிலையத்தில்தான் இறங்கினோமா, ஏதாவது அரண்மனையில் இறங்கிவிட்டோமா என்று தமிழ்ப் பயணிக்குச் சந்தேகம் வரும். நிஜாம் ஆட்சியில் 1916ல் கட்டிய காச்சிகுடா நிலையத்தின் குவிமாடங்களும் மினார்களும் அப்படி. வாசலைத் தாண்டினால் ஆட்டோக்காரர்களின் கூச்சல், இரானி டீக்கடைகள், உஸ்மானியா பிஸ்கட். "சார்மினாரா? சாலார்ஜங் மியூசியமா?" என்று உருதுவிலும் தெலுங்கிலும் கேட்பார்கள். ஷோயபுல்லா கான் விழுந்த தெரு எது என்று கேட்டால் பல ஆட்டோக்காரர்களுக்குத் தெரியாது.

அது காச்சிகுடா வட்டாரத்திலேயே இருக்கிறது.

காச்சிகுடா, 1948

ஷோயபுல்லா கான் உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி. அன்றைய நிஜாம் சமஸ்தானத்தில் அரசு வேலைக்குப் போயிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். பத்திரிகைக்குப் போனார். மந்துமுல நரசிங்கராவ் நடத்திய 'ரய்யத்' என்ற உருது ஏட்டில் வேலை. நிஜாம் அரசு அதை மூட வைத்தது. 1947 நவம்பரில் 'இம்ரோஸ்' என்ற சொந்த நாளிதழைத் தொடங்கினார். பர்குல ராமகிருஷ்ண ராவ் போன்ற காங்கிரஸ் தலைவர்கள் கை கொடுத்தார்கள்.

அந்த நேரத்து ஹைதராபாத் இந்தியாவின் மிகப் பெரிய சமஸ்தானம். சுமார் ஒன்றரைக் கோடி மக்கள். பெரும்பான்மையினர் தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசும் இந்துக்கள். ஆட்சி உஸ்மான் அலி கானுடையது. இந்தியாவோடு சேருவதா, தனி நாடாக நிற்பதா என்ற கேள்வியில் சமஸ்தானமே கொதித்துக்கொண்டிருந்தது. தனி நாடு கேட்ட இத்திஹாதுல் முஸ்லிமீன் தலைவர் காசிம் ரஜ்வியின் ரஜாக்கர் படை கிராமங்களில் புகுந்து ஆடிய ஆட்டத்தைத் தெலங்கானா முதியவர்கள் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சூழ்நிலையில் ஒரு முஸ்லிம் ஆசிரியர், உருது மொழியில், சமஸ்தானம் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று எழுதினார். ரஜாக்கர் அட்டூழியங்களையும் எழுதினார். இதே கருத்தை இந்து ஒருவர் தெலுங்கில் எழுதியிருந்தால் 'எதிரியின் பேச்சு' என்று ஒதுக்கிவிடலாம். ஷோயபுல்லா கானை அப்படி ஒதுக்க முடியவில்லை. 1948 ஆகஸ்டில், இந்தியாவோடு இணைவதை ஆதரித்து ஏழு முஸ்லிம் பிரமுகர்கள் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்றையும் இம்ரோஸ் வெளியிட்டது. தங்களுக்கு எதிராக எழுதும் கைகள் துண்டிக்கப்படும் என்ற பொருளில் ரஜ்வி அந்த நாட்களில் பொதுக்கூட்டத்தில் பேசினார் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 21 நள்ளிரவு தாண்டியிருந்தது. பத்திரிகை வேலையை முடித்துவிட்டு மைத்துனர் இஸ்மாயில் கானோடு ஷோயபுல்லா வீட்டுக்கு நடந்தார். வழியில் மடக்கினார்கள். துப்பாக்கியால் சுட்டார்கள். பிறகு கையை வெட்டினார்கள். தடுக்க வந்த மைத்துனருக்கும் வெட்டு. மறுநாள் ஷோயபுல்லா இறந்தபோது அவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை.

இருபத்தாறு நாட்கள் கழித்து, செப்டம்பர் 17 அன்று, ஹைதராபாத் இந்திய ராணுவத்திடம் சரணடைந்தது. ஷோயபுல்லா எழுதியது நடந்துவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. ரஜ்வி சிறையில் இருந்துவிட்டு 1957ல் விடுதலையாகி பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தார்.

கதை அங்கே முடியவில்லை. ராணுவ நடவடிக்கைக்குப் பின் சமஸ்தானத்தின் பல மாவட்டங்களில் சாதாரண முஸ்லிம் குடும்பங்கள் மீது பழிவாங்கும் வெறி பாய்ந்தது. நேரு அனுப்பிய பண்டிட் சுந்தர்லால் குழு, 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கையைச் சுதந்திர இந்தியா வெளியிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, 2013ல்தான், டெல்லியில் நேரு நினைவு நூலகத்தில் அதைப் பொதுமக்கள் பார்க்க முடிந்தது. கத்தி எடுத்தவர்கள் ஒரு உண்மையை வெட்டினார்கள். ஆட்சிக்கு வந்தவர்கள் இன்னொரு உண்மையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

அல்வால், 1997

செகந்திராபாத்துக்கு வடக்கே, ராணுவக் குடியிருப்புகளைத் தாண்டினால் அல்வால். ஒரு காலத்தில் ஊர்ப்புறம். இப்போது நகரம் விழுங்கிவிட்ட பகுதி. 1997 ஏப்ரல் 6 அன்று கும்மடி விட்டல் ராவ் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் ஆந்திராவில் பலருக்குத் தெரியாது. கத்தர் என்றால் குழந்தைக்கும் தெரியும். இடுப்பில் வேட்டி, தோளில் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை. அவர் மேடை ஏறினால் லட்சம் பேர் கூடிய காலம் உண்டு.

வந்தவர்கள் சுட்டார்கள். கத்தர் பிழைத்தார். உடம்பில் பாய்ந்த குண்டுகளில் ஒன்றை முதுகுத்தண்டு அருகிலிருந்து எடுக்க முடியவில்லை. அந்தக் குண்டோடுதான் இன்னும் 26 வருடங்கள் பாடினார், ஆடினார். சுட்டவர்கள் போலீஸ் ஏவிய ஆட்கள் என்று கத்தர் குற்றம் சாட்டினார். அரசு மறுத்தது.

கத்தர் ஆயுதப் போராட்டத்தை ஆதரித்த இயக்கத்தின் பாடகர், தலைமறைவாக வாழ்ந்தவர். நக்சலைட் வன்முறையில் போலீஸ்காரர்களும் கிராமத்தினரும் செத்திருக்கிறார்கள், அவர்களின் குடும்பங்களுக்கு அவர் பாட்டு இனிக்காது. அது நியாயம். ஒரு பாடகர் குற்றம் செய்திருந்தால் அவர் மேல் வழக்குப் போட கோர்ட் இருக்கிறது. வீட்டுக் கதவைத் தட்டி மார்பைக் குறி வைப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

2023 ஆகஸ்ட் 6 அன்று கத்தர் இறந்தார். தெலங்கானா அரசு அரசு மரியாதை அறிவித்தது. யாரைக் குற்றம் சாட்டினாரோ அதே போலீஸ் துறை இறுதி மரியாதை செலுத்தியது. இன்று தெலங்கானா அரசு தரும் திரைப்பட விருதுகளுக்கு அவர் பெயர். அல்வாலில் கத்தர் அடக்கமான இடம் ஆதரவாளர்கள் வந்து போகும் தலமாகிவிட்டது. உயிரோடு இருக்கும் கவிஞனைவிட இறந்த கவிஞனோடு ஒத்துப்போவது அரசுகளுக்குச் சுலபம்.

கத்தர் தனி ஆள் இல்லை. 1965ல் 'திகம்பர கவிகள்' என்று ஆறு இளைஞர்கள் தங்கள் முதல் தொகுப்பை ஹைதராபாத்தில் நள்ளிரவில் வெளியிட்டார்கள். வெளியிட அழைத்தது அமைச்சரையோ துணைவேந்தரையோ அல்ல, நாம்பள்ளி பாண்டு என்ற ரிக்‌ஷாக்காரரை. ஊர் அதிர்ந்தது. ஆறு வருடங்களில் அவர்களில் மூவர் தடுப்புக் காவல் சட்டத்தில் உள்ளே போய், உயர் நீதிமன்றம் விடுவித்து வெளியே வந்தார்கள். கவிஞர் வரவர ராவ் 1974ல் செகந்திராபாத் சதி வழக்கில் சிக்கினார். வழக்கு 15 வருடம் இழுத்து விடுதலையில் முடிந்தது. 2018ல் பீமா கோரேகாவ் வழக்கில் மறுபடி கைது. ஜாமீன் உறுதியானது 2022ல், உச்ச நீதிமன்றத்தில், வயதையும் உடல்நிலையையும் பார்த்து. அப்போது அவர் 80 வயதைத் தாண்டியிருந்தார்.

சோமாஜிகுடா, 2007

நட்சத்திர ஓட்டல்களும் மருத்துவமனைகளும் நெருக்கியடிக்கும் சோமாஜிகுடாவில் பிரஸ் கிளப். நாளுக்கு நாலு பிரஸ் மீட் நடக்கிற இடம். 2007 ஆகஸ்ட் 9 அன்று அங்கே ஒரு சின்ன புத்தக வெளியீடு. வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினின் 'ஷோத்' நாவலின் தெலுங்கு மொழிபெயர்ப்பு. 1994ல் சொந்த நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த தஸ்லிமா அப்போது கல்கத்தாவில் வசித்தார். ஒரு நாள் பயணமாக வந்திருந்தார்.

நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஒரு கூட்டம் உள்ளே நுழைந்தது. முன்னால் வந்தவர்கள் சந்துமுனை ரவுடிகள் இல்லை. மஜ்லிஸ் கட்சியின் மூன்று எம்.எல்.ஏ.க்கள். பூச்செண்டு, நாற்காலி, கையில் கிடைத்ததெல்லாம் தஸ்லிமா மீது பறந்தன. பகுத்தறிவாளர் நரிசெட்டி இன்னையாவும் பத்திரிகையாளர்களும் குறுக்கே நின்று தடுத்தார்கள். இன்னையாவுக்குக் காயம். தஸ்லிமாவை ஒரு அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். பிறகு போலீஸ் வந்தது. எல்லாவற்றையும் டி.வி. கேமராக்கள் பதிவு செய்தன. அன்று மாலை இந்தியா முழுவதும் அந்தக் காட்சி ஓடியது.

அடுத்து நடந்ததுதான் பார்க்க வேண்டியது. எம்.எல்.ஏ.க்கள் கைதாகி ஜாமீனில் வந்தார்கள். மத உணர்வைத் தூண்டியதாகச் சொல்லி தஸ்லிமா மீதும் ஹைதராபாத் போலீஸ் வழக்குப் பதிந்தது. இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 153ஏ. நாற்காலி எறிந்தவர்களும், நாற்காலிக்குத் தலை தப்பியவரும் அரசாங்கத்தின் காகிதத்தில் ஒரே வரிசையில் நின்றார்கள்.

நவம்பரில் கல்கத்தாவில் தஸ்லிமாவுக்கு எதிராகக் கலவரம். மேற்கு வங்கத்தின் இடதுசாரி அரசு அவரை ஜெய்ப்பூருக்கு அனுப்பியது. அங்கிருந்து டெல்லி. மத்திய அரசின் 'பாதுகாப்பில்' வெளியே போக முடியாத சில மாதங்கள். 2008 மார்ச்சில் இந்தியாவை விட்டே கிளம்பினார். மூன்று எம்.எல்.ஏ.க்களும் 2009 தேர்தலில் மீண்டும் ஜெயித்தார்கள்.

தஸ்லிமாவின் எழுத்து பிடிக்காத முஸ்லிம்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். அவர்கள் எல்லோரும் அன்று பிரஸ் கிளப் போகவில்லை. போனது ஒரு சிறு கும்பல். 1948ல் உருது ஏட்டில் துணிந்து எழுதிய முஸ்லிமும், அறிக்கையில் கையெழுத்திட்ட ஏழு முஸ்லிம்களும் இதே ஊர்க்காரர்கள்தாம். ஒரு சமூகத்தின் பேரில் கும்பல் பேசும்போது முதலில் வாய் அடைத்துப்போவது அந்தச் சமூகத்தின் மாற்றுக்குரல்தான்.

தார்நாகா, 2017

உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய தார்நாகா, பேராசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த அமைதியான பகுதி. காஞ்ச ஐலையா வாழ்ந்தது இங்கேதான். வாரங்கல் மாவட்டத்து ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்து அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் ஆனவர். 1996ல் வந்த அவருடைய 'நான் ஏன் இந்து அல்ல' தமிழ் வாசகர்களுக்கும் தெரிந்த புத்தகம்.

2009ல் 'போஸ்ட் ஹிந்து இந்தியா' என்ற ஆங்கில நூலை எழுதினார். சாதிக்கு ஓர் அத்தியாயம். வைசிய வணிகர்களைப் பற்றிய அத்தியாயமும் அதில் இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2017ல் அந்த அத்தியாயம் மட்டும் தெலுங்கில் மெலிந்த பிரசுரமாக வந்தது. தலைப்பின் பொருள்: கோமட்டிகள் சமூகக் கடத்தல்காரர்கள். அவ்வளவுதான். இரண்டு தெலுங்கு மாநிலங்களிலும் ஆரிய வைசிய சங்கங்கள் கடையடைப்பும் ஊர்வலமும் நடத்தின. கொடும்பாவிகள் எரிந்தன. நாக்கை அறுப்போம் என்று போன் வந்ததாக ஐலையா உஸ்மானியா பல்கலைக்கழக காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், செப்டம்பர் 5 அன்று, பெங்களூரில் கௌரி லங்கேஷ் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். போன் மிரட்டலை வெறும் வாய்ச்சவடால் என்று ஒதுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இதற்கிடையே மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரே ஐலையாவை நடுத்தெருவில் தூக்கில் போட வேண்டும் என்று பேசினார். செப்டம்பர் 23 அன்று வாரங்கல் அருகே பரகாலில் அவருடைய காரைக் கும்பல் தாக்கியது. காவல் நிலையத்துக்குள் ஓடித் தப்பினார். அதன் பிறகு கொஞ்ச காலம் வீட்டை விட்டு வெளியே வருவதையே தவிர்த்தார்.

ஒரு சாதி முழுவதையும் கடத்தல்காரர் என்று அழைத்தால் மளிகைக்கடை வைத்துப் பிழைக்கும் ஏழை வைசியருக்கும் வலிக்கும். அந்த வலியைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. மறுப்பு எழுதலாம், கூட்டம் போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட்டுக்கும் போனார்கள். நூலைத் தடை செய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபர் 13 அன்று தள்ளுபடி செய்தது. எழுத்தாளனின் சுதந்திரத்தில் சாதாரணமாகக் கை வைக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

ஆங்கிலத்தில் எட்டு வருடம் சும்மா இருந்த பக்கங்கள் தெலுங்கில் வந்ததும் ஏன் தீப்பிடித்தன? பிரஸ் கிளப்பில் நாற்காலி பறந்ததும் ஒரு தெலுங்கு மொழிபெயர்ப்பின் வெளியீட்டில்தான். ஷோயபுல்லா கானைக் கொன்றது உருதுவில் எழுதியதற்காக. தெருவில் பேசுகிற மொழியில், தெருவில் வாங்கக்கூடிய விலையில் வரும்போதுதான் எழுத்து ஆபத்தாகத் தெரிகிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ல் வந்து நான்கு வருடம் அமைதியாக இருந்தது. 2014 டிசம்பரில் சில பக்கங்கள் நகலெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் கைமாறியதும் ஊரே எழுந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சு' நடந்தது. எழுத்தாளர் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். பிறகு எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று தானே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் எழுத அழைத்தது. ஐலையாவுக்கும் முருகனுக்கும் நீதிமன்றம் துணை நின்றது. ஆனால் கோர்ட் தீர்ப்பு வருவதற்குள் கழியும் இரவுகளில் எழுத்தாளனும் அவன் குடும்பமும் தனிதான்.

டேங்க் பண்ட், 2011

மாலை ஆனால் ஹைதராபாத் ஹுசேன் சாகர் ஏரிக்கரைக்கு வந்துவிடும். ஏரி நடுவில் பிரம்மாண்ட புத்தர். 1990ல் கொண்டு போகும்போதே தண்ணீரில் மூழ்கி, இரண்டு வருடம் அடியில் கிடந்து, 1992ல் எழுந்து நின்றவர். டேங்க் பண்ட் சாலையோரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சிலைகள். என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது நிறுவியவை. அரசியல்வாதிகளைவிடப் புலவர்களும் கவிஞர்களும் அதிகம் நிற்கிற சாலை இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

2011 மார்ச் 10 அன்று தனித் தெலங்கானா கோரி இங்கே 'மில்லியன் மார்ச்' நடந்தது. கூட்டத்தில் ஒரு பகுதி சிலைகள் பக்கம் திரும்பியது. பத்துக்கும் மேற்பட்டவை உடைந்தன. கீர்த்தனைகள் பாடிய அன்னமய்யா விழுந்தார். புரட்சிக் கவிஞர் ஸ்ரீஸ்ரீ விழுந்தார். சென்னையில் சினிமாப் பாட்டு எழுதி, 1983ல் சென்னையிலேயே இறந்த அதே ஸ்ரீஸ்ரீ. சில சிலைகள் ஏரிக்குள் போயின.

அந்தக் கோபத்துக்கும் பின்கதை உண்டு. தெலங்கானாவில் கவிஞர்களே இல்லை என்று யாரோ சொன்னதற்குப் பதிலாக, 'கோல்கொண்டா பத்ரிகா' ஆசிரியர் சுரவரம் பிரதாப ரெட்டி 1934ல் 354 தெலங்கானா கவிஞர்களைத் திரட்டி ஒரே தொகுப்பாகப் போட்டார். கடலோர ஆந்திரத்தார் தங்கள் பேச்சையும் எழுத்தையும் மட்டமாகப் பார்த்தார்கள் என்ற புண் அவ்வளவு பழையது. அதே புண்ணுக்கு 1934ல் கிடைத்த மருந்து ஒரு புத்தகம். 2011ல் கிடைத்தது கடப்பாரை. புத்தகம் இன்றும் பேசப்படுகிறது. உடைந்த சிலைகளைச் செப்பனிட்டு மறுபடி நிறுத்தியாயிற்று. தெலங்கானா 2014 ஜூன் 2 அன்று பிறந்தது, ஸ்ரீஸ்ரீ விழுந்ததால் அல்ல.

திரும்பும் ரயில்

ஊருக்குத் திரும்ப மறுபடி காச்சிகுடா. நேரம் இருந்தால் பக்கத்தில் பாக்லிங்கம்பள்ளியில் சுந்தரய்யா விஞ்ஞான கேந்திரம் போகலாம். அரிய உருது நூல்களும் பழைய பத்திரிகைகளும் சேர்ந்த நூலகம். 2000 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கி, மீட்கப்பட்ட சேகரம் அது. மாடியில் புத்தக வெளியீடுகள் இன்றும் நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றால் அபிட்ஸ் நடைபாதை முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். டிசம்பரில் வந்தால் புத்தகக் கண்காட்சியில் நடக்கவே இடம் இருக்காது. ஹைதராபாத் மக்கள் புத்தகத்துக்குப் பயந்தவர்கள் இல்லை. பயந்தவர்கள் எப்போதும் சிலர்தாம். அந்தச் சிலரை ஆட்சியில் இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஓட்டாக எண்ணிப் பார்த்தார்கள் என்பதே இந்த ஊரின் கஷ்டம்.

ரயில் நிலையப் பத்திரிகைக் கடையில் தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கில ஏடுகள் அடுக்கி இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டு நள்ளிரவு தாண்டி வீட்டுக்குப் போகும் உதவி ஆசிரியர்கள் இந்த நகரத்தில் இன்றும் நூற்றுக்கணக்கில் உண்டு. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். ஷோயபுல்லா கானும் அப்படித்தான் நடந்து போனார்.

அவர் நடத்திய ஏட்டின் பெயருக்குப் பொருள் தெரியுமா? 'இம்ரோஸ்' என்றால் உருதுவில் 'இன்று'.